பெட்டியை வெறுமையாக அனுப்பாதவள்

இக்காஸ்ட்,
டென்மார்க்,
05.01.2025

மதிப்புக்குரிய லியாங் அவர்களுக்கு,

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இருக்கிற ஒருவருக்குக் கடிதம் எழுதும்போது என்ன திகதி போடுவது என்று தெரியவில்லை. என்னுடைய திகதியைப் போட்டிருக்கிறேன். நீங்கள் உங்களுடையதைப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கண்டதும் எனக்குச் சீவன் போய்விட்டது. நீங்கள் விட்டுப்போன அரக்குப் பெட்டிக்குள் நான் தேயிலையைப் போட்டு வைத்திருந்தேன். காலமை தேத்தண்ணி போடத் திறந்தால் தேயிலையைக் காணோம். உங்கள் எழுத்தில், நான் பழக்கிய தமிழில், ஒரு கடதாசி கிடக்கிறது. இந்தப் பெட்டிக்கு ஒரு சோடி உங்கள் வீட்டில் இருக்கிறது, ஒன்றில் வைப்பது மற்றதில் வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், நான் நம்பியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடமாக என்னுடைய வீட்டு நிலவறையில், கெல்டரில், இருந்துகொண்டு இதை ஒருநாளாவது சொன்னீர்களா?

உங்கள் அண்ணனை உண்மையாகவே சிறையில்தான் வைத்திருக்கிறார்கள் என்று வாசித்து மனம் கஷ்டப்பட்டது. அதிகாரி ஓடினால் குடும்பத்தைப் பிடிப்பது உங்கள் நாட்டுச் சட்டம் என்று நீங்கள் சொல்லிச் சொல்லித் தவித்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. உங்கள் காலத்துக்குப் போகிற ஏரியின் வழி வருடத்தில் ஒரு மாலைதானே திறக்கிறது. அது திறந்ததும் நீங்கள் போனதில் பிழையில்லை.

இங்கே சனம் சும்மா இருக்கிறதா? எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் தலைவர் ஞானரட்ணம் அண்ணை எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "என்ன ராசமலர், உம்மட கெல்டரிலை இருந்த சீனத்து வாத்தியாரைக் காணேல்லை?"

"ஊருக்குப் போட்டார் அண்ணை" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பெட்டிக்குள் ஒரு பிடி சீனி வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்குள் ஒரு பழக்கம், ஒருவர் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. வெறும் பாத்திரம் கொடுத்தால் அந்த வீட்டோடு உறவு முடிந்தது என்று அர்த்தம். நான் அப்படிக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ராசமலர்


தென் தலைநகர்,
முதல் மாதம், முழுமதிக்கு மறுநாள்

மதிப்புக்குரிய ராசமலர் அவர்களுக்கு,

சீனி வந்து சேர்ந்தது. கடதாசியிலும் ஒட்டியிருந்தது. ஆகையால் உங்கள் கடிதத்தை வாசித்த பின் எறும்புகளும் வாசித்தன.

நான் திரும்பி வந்ததைக் கண்டு அரண்மனை வாயிற்காவலன் மயங்கி விழுந்தான். கிணற்றில் விழுந்து செத்தவன் ஒரு வருடம் கழித்து, டென்மார்க்குக் கம்பளிச் சட்டையோடு, அதே கிணற்றிலிருந்து ஏறி வந்தால் வேறு என்ன செய்வான்? சட்டையை ஒளித்து வைத்துவிட்டேன். கிணற்றில் உடல் கிடைக்காததால், ஓடிவிட்டான் என்று எழுதித்தான் அண்ணனைப் பிடித்திருக்கிறார்கள்.

இங்குள்ள நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசர் படுக்கையில் இருக்கிறார். பட்டம் மூத்த இளவரசருக்கு உரியது. இரண்டாம் அரசி தன் மகனை ஏற்றப் பார்க்கிறார். காவற்படைத் தளபதி அவருடைய தம்பி. அரசர் செய்யும் பிழையை அவர் முகத்துக்கு நேரே சொல்வது என்னுடைய உத்தியோகம் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே பட்டத்தை மாற்றும் ஆணையில் என்னுடைய கையெழுத்தும் வேண்டும். முந்தி நான் மறுத்ததற்குத்தான் கிணற்றில் தள்ளினார்கள். இப்போது அண்ணனைக் காட்டிக் கேட்கிறார்கள்.

உங்கள் சங்கக் கூட்டங்களுக்கு என்னைக் கூட்டிப் போனது எவ்வளவு நல்லது! ஞானரட்ணம் அவர்கள் பொருளாளரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைக் கண்டவனுக்கு எங்கள் அரசியின் சிரிப்பு புதிதல்ல.

இங்கே இரவில் நல்ல குளிர். உங்கள் வீட்டுச் சுவர்களில் இருந்த சூட்டை நினைக்கிறேன். சூட்டை மட்டுமல்ல.

லியாங்


இக்காஸ்ட்,
09.03.2025

மதிப்புக்குரிய லியாங் அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணனைக் கூட்டி வாருங்கோ என்று முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். போடாதவர் என்றபடியால்தானே அந்தத் தண்ணீருக்குள் தள்ளப்பட்டு என்னிடம் வந்தீர்கள்.

முதியோர் இல்லத்தில் இந்தக் கிழமை எனக்குக் காலை வேலை. குளிர் குறைந்தபடியால் ஏரிப் பக்கம் நடந்து போனேன். மரப்பாலத்தில் நின்றேன். அந்த மார்கழியில் பட்டு உடுப்போடு நடுங்கிக்கொண்டு நின்ற உங்களை முதன்முதல் கண்டது அங்கேதான். ஏதோ நாடகக்காரன், குடிவெறியில் தண்ணிக்குள் விழுந்துவிட்டான் என்று நினைத்தேன். போன மார்கழியில் வழியனுப்பியதும் அங்கேதான். அப்போது நான் என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "கையுறை போட்டிட்டியளோ?" என்று கேட்டேன். போகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது!

நில்லுங்கோ என்று சொல்ல முடியாது. அண்ணனுக்காகப் போகிறவரை மறிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் திரும்பி வாருங்கோ என்று சொல்லியிருக்கலாம். மகன் சிந்துஜனின் அப்பா மோசம் போய் விதவையான பொம்பிளை கெல்டரில் ஒருவரை வைத்திருக்கிறாள் என்று சனம் கதைத்தது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. சனத்துக்குப் பயந்தேன் என்பதை நினைக்க எனக்கே என்னில் கோபம் வருகிறது.

சரி, விடுங்கள். தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். உறைப்பு. பார்த்துச் சாப்பிடுங்கள்.

ராசமலர்


தென் தலைநகர்,
மூன்றாம் மாதம், தேய்பிறை

அன்பின் ராசமலர்,

இப்படி விளிப்பது பிழையென்றால் அடுத்த கடிதத்தில் ஏசுங்கள்.

அண்ணன் வீடு வந்துவிட்டார்! மூத்த இளவரசர் அரசரின் கட்டிலருகே அழுது கேட்டு விடுதலை வாங்கித் தந்தார். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சிறையிலிருந்து வந்தவருக்கு எந்தச் சாப்பாடும் இறங்கவில்லை. உங்கள் ஊறுகாயில் துளி எடுத்துக் கஞ்சியில் வைத்தேன். கண்ணீர் வழிய வழிய இரண்டு கோப்பை குடித்தார். இந்தக் காரம் எந்த நாட்டுப் பயிர் என்று கேட்கிறார். அது இங்கே வர இன்னும் பல நூறு வருடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல?

மரப்பாலத்தில் நீங்கள் கேட்காததை இப்போது கேட்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். என்னுடைய பதில்: வருகிறேன். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல், சூரியன் மறைகிற நேரம், வடக்குத் தோட்டத்துக் கிணறு. முதல் தரம் என்னைத் தள்ளினார்கள். போன தரம் கடமை இழுத்தது. இந்தத் தரம் நானாகவே குதிப்பேன். உங்களுக்குச் சம்மதமென்றால், திரும்புவதற்கல்ல.

லியாங்


இக்காஸ்ட்,
11.05.2025

அன்பின் லியாங்,

ஓம். ஓம். ஓம்.

இதற்குமேல் என்ன எழுதுவது? மூன்று நாளாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இந்த வயதில் எனக்கு வந்த புளுகத்தை, சந்தோசத்தைப் பாருங்கள். வேலையில் ஒரு கிழவிக்குப் போட வேண்டிய காலுறையை இன்னொரு கிழவிக்குப் போட்டுவிட்டேன்.

சிந்துஜனிடம் சொல்லிவிட்டேன். ஓகூஸ் நகரத்திலிருந்து வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். ஏரி, கிணறு, பெட்டி எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு விசர் என்று நினைப்பான் என்று பயந்தேன். பெட்டிக்குள் ஒரு தேக்கரண்டியை வைத்து மூடித் திறந்து காட்டினேன். கரண்டியைக் காணோம். அது உங்களிடம்தான் இருக்கும், பத்திரமாக வைத்திருங்கள், செட்டில் ஒன்று குறையக் கூடாது. அவன் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு டேனிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்த மனுசனுக்கு இந்த நாட்டு ஆள் பதிவு, சீபிஆர் இலக்கம், எப்படி எடுக்கப் போறாய்?

அதுதான் என் பிள்ளை. டென்மார்க்கில் பிறந்தவன்.

ஞானரட்ணம் அண்ணைக்கும் சொன்னேன், மார்கழியில் கலியாணம் எழுதப் போகிறேன் என்று. "ஆரை?" என்றார். "கெல்டர்க்காரரைத்தான்" என்றேன். அவர் பிளந்த வாயை மூடவே இல்லை. இனிச் சனம் கதைக்கட்டும். நான் கதவைத் திறந்து வைத்துவிட்டேன்.

கரண்டிக்குக் கூட்டாகப் பயற்றம் பணியாரம் வைக்கிறேன்.

உங்கள்,
ராசமலர்


தென் தலைநகர்,
ஆறாம் மாதம்

அன்பின் ராசமலர்,

பணியாரம் அருமை. கரண்டி பத்திரம்.

உங்களிடம் எதையும் மறைப்பதில்லை என்று எண்ணியிருப்பதால் எழுதுகிறேன். அரசர் இனித் தேறமாட்டார். என்னோடு பணிபுரிந்த இருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மறுத்த மூன்றாமவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவர் நன்றாகக் குதிரை ஓட்டுகிறவர். என்னிடம் பிழை எதுவும் கிடைக்கவில்லை என்பதால்தான் இன்னும் தொடவில்லை. சட்டப்படி ஒரு குற்றத்தைத் தேடித் திரிகிறார்கள். கிடைக்காது. நான் எப்போதும் போல் கவனமாக இருக்கிறேன்.

அண்ணன் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஊறுகாய் அனுப்பியவர் என்றுதான் அவருக்கு உங்களைத் தெரியும்.

உங்கள்,
லியாங்


இக்காஸ்ட்,
10.08.2025

அன்பின் லியாங்,

உங்கள் கடிதத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே அந்தரம். குதிரை ஏற வேண்டாம். யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்க வேண்டாம். நான் அங்கே இல்லை, என்னால் ஒன்றும் செய்ய முடியாது. என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான். அதைச் செய்திருக்கிறேன்.

நீங்கள் சேதமில்லாமல் வந்து சேர்ந்தால் பாற்குடம் எடுக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன். வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து, மஞ்சள் கரைத்துத் தோய்த்து, பின்வளவில் காயப் போட்டேன். இந்த வருடம் நல்ல வெயில், துணி பளிச்சென்று வந்திருக்கிறது. ஒரு துண்டில் ஐந்து குரோனர் காசு ஒன்றை முடிந்து சாமித் தட்டில் வைத்திருக்கிறேன். நடுவில் ஓட்டை இருக்கிற காசு, உங்கள் ஊர்க் காசு மாதிரி இருக்கிறது என்று சொல்லி நீங்கள் கோர்த்துக் கோர்த்து விளையாடியது. மற்றத் துண்டு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை இடது கையில், முழங்கைக்கு மேலே கட்டுங்கள்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். நேர்த்தி நிறைவேறும் வரைக்கும் அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் நேர்த்தி முறிந்துவிடும், நீங்கள் வந்து சேர மாட்டீர்கள். ஏரிக்கரையில் நான்தான் அவிழ்ப்பேன். படித்த மனிதர், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சாட்டுச் சொல்லாதீர்கள். கட்டியாயிற்று என்று எழுதினால்தான் எனக்கு நித்திரை வரும்.

உங்கள்,
ராசமலர்


தென் தலைநகர்,
ஏழாம் மாதம், அமாவாசை

அன்பின் ராசமலர்,

துணி கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் இல்லாத வாசனை.

ஒன்று கேட்கலாமா? இந்த நேர்த்திக்கு மஞ்சள் நிறமேதான் வேண்டுமா? வெள்ளையோ சிவப்போ கட்டினால் அம்மன் ஏற்றுக்கொள்ள மாட்டாரா?

அறியும் ஆவலில் கேட்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

உங்கள்,
லியாங்


இக்காஸ்ட்,
31.08.2025

லியாங்,

அப்போ இன்னும் கட்டவில்லை!

வெள்ளையாம்! வெள்ளை எங்களுக்குச் செத்த வீட்டுக்கு. நேர்த்தி என்றால் மஞ்சள்தான். அதற்கு வேறு நிறம் இல்லை. மூன்று கிழமையாக நான் சோறு தண்ணியில்லாமல் உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் அங்கிருந்து விண்ணாணம் கேட்கிறீர்கள். பெரிய அரண்மனையில், பெரிய மனிதர்களுக்கு முன்னால், ஒரு பிளைஹெம்காரி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், தோய்த்த துணியைக் கட்ட வெட்கமாக இருக்கிறதா? அப்படியென்றால் நேராகச் சொல்லுங்கள். நான் சனத்தின் வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உங்களுக்காக நிற்கிறேன். நீங்கள் சட்டைக்குள் மறைகிற ஒரு முழத் துணிக்கு யோசிக்கிறீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன். இருந்தாலும் பெட்டியை வெறுமையாக அனுப்பவில்லை, எள்ளுருண்டை இருக்கிறது.

ராசமலர்


தென் தலைநகர்,
எட்டாம் மாதம், முழுமதி நாள்

அன்பின் ராசமலர்,

கட்டிவிட்டேன். இடது கை, முழங்கைக்கு மேலே, இரண்டு முடிச்சு. அண்ணன்தான் முடிந்துவிட்டார். முடிச்சை மூன்று தரம் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார், அவருக்கு வயதாகிவிட்டது.

வெட்கம் ஒன்றும் இல்லை. என்னுடைய உத்தியோக முத்திரையைக்கூட இவ்வளவு பெருமையோடு நான் சுமந்ததில்லை. இனி இதைப் பற்றிக் கவலைப்படாமல் நித்திரை கொள்ளுங்கள்.

எள்ளுருண்டை பல்லுக்குக் கடினம், மனதுக்கு இதம்.

உங்கள்,
லியாங்


தென் தலைநகர்,
பத்தாம் மாதம்

அன்பின் ராசமலர்,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. கெல்டர் சுவருக்கு வெள்ளை பூசியதும், சிந்துஜன் எனக்குச் சைக்கிள் வாங்கியதும் அறிந்து மகிழ்ந்தேன். சென்ற முறை அவருடைய சைக்கிளை வேலிக்குள் விட்டதை மன்னித்துவிட்டார் போலிருக்கிறது.

எல்லாம் திட்டமிட்டாயிற்று. மிகக் குறுகிய பகலான குளிர்கால உச்சியன்று பெரும் வேள்வி. அரசவை முழுவதும் நகருக்கு வெளியே பலிமேடைக்குப் போய்விடும், வடக்குத் தோட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வயிற்று நோவென்று ஊர்வலத்தில் பின்தங்கி, பின்வாசலால் கிணற்றடிக்கு வந்துவிடுவேன். வேள்விக்கு மூன்று நாள் முன்பு அதிகாரிகள் எல்லாரும் அரண்மனைக் குளிப்பறையில் ஒன்றாகக் குளித்து, பணியாட்கள் தருகிற புது உடை அணிந்து நோன்பு தொடங்க வேண்டும். அந்தச் சடங்கு ஒன்றுதான் பாக்கி. அதைக் கடந்துவிட்டால் ஏரிக்கரையில் கோப்பியோடு நில்லுங்கள். பால் வேண்டாம்.

உங்கள்,
லியாங்


இக்காஸ்ட்,
14.12.2025

அன்பின் லியாங்,

இன்னும் ஒரு கிழமை. இதுதான் நான் உங்களுக்கு எழுதுகிற கடைசிக் கடிதம், இனி வாயால் கதைப்போம்.

உங்களுக்குத் தடித்த ஜக்கெட் ஒன்று வாங்கியிருக்கிறேன், நீலம். நகரசபையில், இங்கத்தைய கொம்முனேயில், உங்கள் அலுவலைக் கதைக்க சிந்துஜன் ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறான், என்ன பொய் சொல்லப் போகிறான் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவன்தான் காரில் கூட்டிப் போகிறான். மூன்றரைக்கே சூரியன் போய்விடும், நாங்கள் இரண்டு மணிக்கே போய் நிற்போம்.

அந்தக் குளிப்புச் சடங்கில் கவனம். குளிக்கப் போகிறேன் என்று துணியைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். நனைந்தால் பரவாயில்லை, மஞ்சள் சாயம் லேசில் போகாது. இவ்வளவு நாள் இருந்தது, அதற்குப் பிறகு மூன்று நாள்தானே.

இந்தத் தரம் பெட்டிக்குள் கையுறை. போன தரம் போடாமல் போனீர்கள் என்று பிறகுதான் கண்டேன், மேசையிலேயே கிடந்தது.

என்றும் உங்கள்,
ராசமலர்


தென் தலைநகர்,
குளிர்கால உச்சிக்கு முதல்நாள்

என் அன்பின் ராசமலர்,

நாளை ஏரிக்கரையில் உங்களைக் குளிரில் நிற்க வைத்துவிடப் போகிறேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் புறப்படுவதற்கு முன் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று வேண்டுகிறேன். நான் இருக்கும் இடத்துக்கு அண்ணன் சாப்பாடு கொண்டு வருவார். அவரிடம் கொடுத்து, வீட்டிலுள்ள பெட்டிக்குள் வைக்கச் சொல்லவேண்டும்.

அரசி மறுபடியும் கையெழுத்துக் கேட்டார், நான் மறுத்தேன். அதனால் என்னைத் தெற்கு எல்லைக்கு மாற்றிவிட்டார்கள். தூரம் அதிகம், கிணற்றுக்கு வர முடியாது. காரணம் அந்தக் கையெழுத்து மட்டும்தான். வேறு எந்தக் காரணத்தையும் நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. எல்லையில் வெயில் அதிகமாம், நீங்கள் பிறந்த ஊர் மாதிரி மாமரங்கள்கூட இருக்குமாம். எனக்கு ஒரு குறையும் வராது.

துணி இன்னும் கையிலேயே இருக்கிறது. நான் கழற்றவில்லை.

ஒரேயொரு வேண்டுகோள். இனிப் பெட்டி அண்ணனின் பொறுப்பில் இருக்கும். அண்ணனுக்குத் தமிழ் தெரியாது. காவலர்கள் வீட்டைச் சோதித்தால், அவர்களுக்கு விளங்காத பொருளோ எழுத்தோ எது இருந்தாலும் அவருக்கு ஆபத்து. ஆகையால் இந்தக் கடிதத்தை வாசித்ததும் பெட்டியை ஒருதரம் வெறுமையாக மூடுங்கள். உங்கள் மூடி விழும் சத்தம் இங்குள்ள பெட்டியிலும் கேட்கும், திறந்து வெறுமையாக இருப்பதைக் கண்டு அண்ணன் எனக்கு வந்து சொல்வார். நீங்கள் வாசித்துவிட்டீர்கள், நான் எழுதியதை நம்பிவிட்டீர்கள் என்று நிம்மதியடைவேன். உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சீனிகூட வேண்டாம்.

உங்கள் வீட்டில் இருந்த அந்த ஒரு வருடம்தான் என் ஆயுள். மற்றதெல்லாம் உத்தியோகம்.

உங்கள்,
லியாங்


இக்காஸ்ட்,
23.12.2025

என்ர லியாங்,

இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்கப் போவதில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிறு இரண்டு மணிக்கே போய்விட்டோம். மரப்பாலத்தில் ஜக்கெட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன், தண்ணீரிலிருந்து வந்த உடனே போர்த்த வேண்டும் என்று. சூரியன் மறைந்தது. போன வருடம் மாதிரியே ஏரி நடுவில் வெளிச்சம் வந்தது. வழி திறந்ததைக் கண்ணால் கண்டேன். பிறகு அது மூடிவிட்டது. தண்ணீர் அசையவில்லை. கோப்பி ஆறிப்போயிற்று. சிந்துஜன் என் தோளைப் பிடித்துக் காருக்குக் கூட்டி வந்தான். வீட்டுக்கு வந்து திறந்தால் உங்கள் கடிதம் இருந்தது.

அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "வேறு காரணம்" என்று ஏன் எழுதியிருக்கிறார் என்று கேட்டான். தெரியாது என்றேன். துணி எது என்று கேட்டான். மஞ்சள் துணி, நேர்த்திக்குக் கட்டினது என்றேன். அவன் ஃபோனை எடுத்துக் கொஞ்ச நேரம் வாசித்தான். முகம் மாறிப்போயிற்று. பிறகு, எப்போதும் டேனிஷில் கதைக்கிற பிள்ளை, தமிழில் சொன்னான்: "அம்மா, அங்கை மஞ்சள் ராசாவுக்கு மட்டும்தான். வேற ஆரும் போட்டா, ராசாவாகப் பாக்கிறான் எண்டு அர்த்தம்."

அதற்கு என்ன தண்டனை என்று நான் கேட்டேன். அவன் சொல்லவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான். எல்லைக்கு மாற்றுகிற தண்டனை என்றால் சொல்லியிருப்பான்தானே.

வெள்ளையோ சிவப்போ கட்டலாமா என்று கேட்டீர்கள். நான் என்ன எழுதினேன்? வெட்கமா என்று கேட்டேன். எல்லாரும் பார்க்க உடை மாற்றுகிற அந்தக் குளிப்பறைக்குப் போகுமுன் அவிழ்த்து எறிந்திருக்கலாம். அப்போதும் நான்தான், கழற்றிவிடாதீர்கள், மஞ்சள் சாயம் போகாது என்று எழுதினேன். ஒரு வருடமாக உங்களில் ஒரு குற்றம் தேடித் திரிந்தவர்களுக்கு, நான் தோய்த்துக் காயப்போட்டு, பெட்டிக்குள் வைத்து அனுப்பிக் கொடுத்திருக்கிறேன். அரசரின் முகத்துக்கு நேரே பிழையைச் சொல்கிற மனிதரே, எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? "இது என்னைக் கொல்லும், ராசமலர்" என்று ஒரு வரி. நான் அம்மனோடு சண்டை பிடித்தாவது வேறு துணி கட்ட விட்டிருப்பேன். ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? எனக்குத் தெரியும் ஏன் என்று. நான் சோறு தண்ணியில்லாமல் இருக்கிறேன் என்று எழுதினேன், அதற்காகக் கட்டினீர்கள்.

மன்னியுங்கோ என்று உங்கள் காலைப் பிடித்துக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. அதைக்கூடக் கேட்க முடியாமல் செய்துவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பொய்யை எனக்காக எவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கிறீர்கள், மாமரம்கூட வைத்து. நான் அதை நம்பினேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் இருக்க வேண்டும். உங்களுக்கு நான் இனிச் செய்யக்கூடிய உதவி அவ்வளவுதான். அண்ணனுக்கும் அதுதான் பாதுகாப்பு. அவரைக் காப்பாற்றத்தானே என்னை விட்டுப் போனீர்கள்.

நேற்று இரண்டு தரம் ஒரு பிடி சீனியை அள்ளிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். கை பழக்கதோஷத்தில் போகிறது. இரண்டு தரமும் மூட முதல் ஞாபகம் வந்து, வழித்து எடுத்து, ஒரு மணியும் ஒட்டியிருக்கக் கூடாது என்று ஈரத் துணியால் துடைத்தேன். சிந்துஜன்தான் அந்தத் துணியை அலசித் தந்தான்.

இப்போது பெட்டி மேசையில் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. நான் ஒருவருக்கும் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுத்ததில்லை, லியாங். உங்களுக்குத்தான் கொடுக்கிறேன்.

மூடியைப் போடுகிறேன்.

உங்கள்,
ராசமலர்